ஹார்ட்லிக்கு ஒரு வாக்கியம்

திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் லிஃப்ட்காரருக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் அது தன் காதுக்கு எட்டியிருக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயரே ‘காது’தான். மற்றவர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் இடத்தில், இவர் ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். “பேரிங் போச்சு” என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங் போயிருக்கும்.

யாரிடமும் எதையும் விசாரிக்க மாட்டார். கட்டடத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், மோட்டார் கதை சொல்லாது என்பது அவர் கட்சி. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், கொஞ்சம் வயதான ஒரு பெண்மணி உள்ளே மாட்டிக்கொண்டார். கூட வேலை செய்கிறவனின் போனுக்கு ஆபீசிலிருந்து தகவல் வந்து, இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அந்தம்மா போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்தார், இவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அழுகையும் சிரிப்புமாக “கமிங், கமிங்” என்றார். பயத்தில் பாவம் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு, லிஃப்ட்காரர் பிரேக்கைக் கேட்க மெஷின் ரூமுக்கு ஏறிப் போய்விட்டார். வேறொருவராக இருந்தால் என்னம்மா, யார் கமிங் என்று ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார். இவருக்கு அப்படியெல்லாம் தோன்றாது.

அன்றைக்கு அவர் தன் கம்பெனி போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் சார்ஜுக்குப் போட்ட போன் செத்துக் கிடந்தது. ஸ்விட்ச் போர்டுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டி, மறுநாள் காலையில் புது பிளக் பாயிண்ட் வாங்கி மாட்டினார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டாள். அதையும் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

மனைவிக்கு ஒரு துணிக்கடையின் பின்கட்டில் ஆல்டரேஷன் வேலை. ஜிப் மாற்றுவது, பேண்ட் நீளத்தை மடித்துத் தைப்பது, இடுப்பைப் பிடிப்பது. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் அவள் சனிக்கிழமை தோறும் ஆங்கில வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். கடையில் முன் கவுண்டருக்கு ஆள் தேடுகிறார்கள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. அதற்காகத்தான் இருக்கும் என்று லிஃப்ட்காரர் தானாகவே எடுத்துக்கொண்டார். நல்லதுதானே.

வகுப்பில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருபது வார்த்தை கொடுப்பார்கள், எழுத்து வரிசைப்படி. அவள் ஒரு நீள நோட்டில் மூன்று பத்தி போட்டிருந்தாள். முதலில் வார்த்தை, நடுவில் அர்த்தம், கடைசியில் எடுத்துக்காட்டு வாக்கியம். வாக்கியத்தில் மட்டும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

“பொய்யா எழுதினா மண்டையில நிக்காதுங்க. உண்மையா நடந்ததை எழுதினாத்தான் அந்த வார்த்தை நம்மளோடயே ஒட்டிக்கும்” என்பாள்.

அந்தப் பிடிவாதத்தால் குடும்பமே நோட்டில் ஏறிவிட்டது. முணுமுணுப்பது என்கிற ‘கிரம்பிள்’ வார்த்தைக்கு, டீ நன்றாக இருந்தாலும் முணுமுணுக்கிற நாத்தனார். ஆவல் என்கிற ‘ஈகர்’ வார்த்தைக்கு, அடுத்தவர் வீட்டுச் சமாச்சாரத்தில் ஆவலாக இருக்கிற எதிர்வீட்டு அக்கா. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள்கூட ‘ஃபர்கெட்’டுக்கு அகப்பட்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறப்பதற்காக. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லிஃப்ட்காரர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தையைச் சொல்வார், அவள் மாவோ காயோ கையில் இருக்க வாக்கியத்தை ஒப்பிப்பாள். இவர் சொல்லும்போதே காலை ஆட்டிக்கொண்டிருப்பார், பாதியில் எழுந்து ஜன்னலைத் திறப்பார், மூடுவார். உட்கார்ந்த இடத்தில் உட்காரும் ஜாதி இல்லை அவர்.

அந்தத் திங்கட்கிழமை எச் பக்கம். ‘ஹேபிட்’ முடிந்தது. அடுத்து ‘ஹார்ட்லி’. லிஃப்ட்காரர் வாயைத் திறக்கும் முன் கண் வாக்கியத்தில் விழுந்துவிட்டது.

‘மை ஹஸ்பண்ட் ஹார்ட்லி லவ்ஸ் மீ.’

அவருக்குப் பெரிய இங்கிலீஷ் ஒன்றும் கிடையாது. ஆனால் இந்த ஒரு வார்த்தை அவருக்கு அத்துப்படி. தினம் நாலு சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதுகிற வார்த்தை. ‘நாய்ஸ் ஹார்ட்லி ஆடிபிள்’ என்றால் சத்தம் கேட்கிறது என்றே சொல்ல முடியாது, காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் ஏதோ கொஞ்சம். அப்படியானால் இது? என் கணவருக்கு என்மேல் பிரியம் இருக்கிறது என்றே சொல்ல முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு தேடினால் ஏதோ கொஞ்சம்.

“அடுத்தது சொல்லுங்க” என்றாள் மனைவி அடுப்புப் பக்கமிருந்து.

“ஹேஸ்ட்” என்றார் லிஃப்ட்காரர். ஒரு வார்த்தையை அவர் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியவில்லை. ‘ஹேஸ்ட்’டுக்கு வாக்கியத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். என் கணவர் எதையும் அவசரமாகச் செய்வார். அதுவும் உண்மைதான்.

அந்தந்த வாரத்து வார்த்தைகளுக்கு அவள் அர்த்தப் பத்தியைக் காலியாகவே விட்டுவைப்பாள். தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ள அப்படி வைத்திருக்கிறாள் என்று அவர் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டைத் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தார். உப்பு கம்மியா என்று அவள் கேட்டாள். இல்லை, சரியாக இருக்கிறது என்று மென்று விழுங்கினார்.

செவ்வாய்க்கிழமை வேலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எட்டு மாடிக் கட்டடத்தின் மெஷின் ரூமில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் காதை வைத்தால், மோட்டார் சத்தத்துக்குப் பதில் அந்த வாக்கியம்தான் சுற்றியது. பிரியம் இல்லையாமே! பிரியம் இல்லாமலா ஞாயிறு தவறாமல் அவளுடைய தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விடுகிறேன்? முழங்கால் வலிக்கிறது என்று அவள் சொல்லும் முன்னாலேயே பெடலை இலகுவாக்கிக் கொடுத்தது யார்? கோபம் வந்தது. கோபம் மூன்றாவது மாடிக்கு இறங்குவதற்குள் கரைந்து பயமாகிவிட்டது. அவள் பொய் எழுத மாட்டாள். அதுதானே சிக்கல். வேறு யாராவது எழுதியிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

கேட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகிற காரியம். இதை நானும் சொல்வேன், நீங்களும் சொல்வீர்கள். ஆனால் அந்த மனுஷனுக்கு வாய் வராது. கேட்டு, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிறகு எந்த ஸ்பேர் பார்ட்டை மாற்றுவது?

அன்றைக்குச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றார். பிரியத்தை எப்படிக் காட்டுவது என்று யோசித்துப் பார்த்து, காயை நறுக்கித் தருகிறேன் என்றார். நறுக்கியதைப் பார்த்துவிட்டு அவள் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது, உங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கூடத்தில் போய்ப் பேசாமல் உட்காரும்படி அனுப்பி வைத்தாள். கூடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தை இறக்கித் துடைத்து மாட்டினார், கோணலாக இருக்கிறதென்று மறுபடி இறக்கினார்.

புதன்கிழமை காலையில் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டை எடுத்தார். கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் மனைவியின் பொருளைத் திருட்டுத்தனமாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் ஒரு காதை வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ‘ஆப்சென்ட்’ வார்த்தைக்கு: என் கணவர் வீட்டில் இருக்கும்போதும் ஆப்சென்ட். ‘பிரீஃப்’ வார்த்தைக்கு: என் கணவரின் பதில்கள் பிரீஃப். ‘ஃபிட்ஜெட்’ வார்த்தைக்கு: என் கணவர் உட்கார்ந்தாலும் அவர் கால் உட்காராது. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினார். எல்லாம் நிஜம். ஒரு வாக்கியத்தையாவது இல்லை என்று மறுக்க முடிந்தால் அந்த ஹார்ட்லியையும் சேர்த்து மறுத்திருப்பார்.

இடையில் சி பக்கத்தில் ‘கம்ஃபர்ட்’ என்ற வார்த்தைக்கு எதிரே, ‘ஐ ஹேட் நோ வேர்ட் டு கம்ஃபர்ட் ஹர்’ என்று இருந்தது. அவளைத் தேற்ற என்னிடம் வார்த்தை இல்லை. யாரை? புரியவில்லை. இன்னும் சில பக்கம் தள்ளி ‘எஸ்கேப்’. அதற்கு எதிரே: ‘தி லேடி குட் நாட் எஸ்கேப். ஷி வாஸ் க்ரையிங்.’ அந்தப் பெண்ணால் தப்பிக்க முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் அதை இன்னொரு தரம் படித்தார். அந்தப் பெண் வேறு யார்? தன்னைத்தான் ‘ஒரு பெண்’ என்று அந்நியமாக எழுதிவைத்திருக்கிறாள். இந்த வீட்டிலிருந்து தப்பிக்க முடியாமல் அழுதிருக்கிறாள். அதற்குத்தான் இங்கிலீஷ் படிக்கிறாள், கவுண்டருக்கும் இல்லை, மண்ணாங்கட்டிக்கும் இல்லை. படித்து முடித்து எங்கேயாவது ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விடுவாள். இன்னும் இசட் வரைக்கும் எத்தனை சனிக்கிழமை இருக்கிறது என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் நோட்டைத் தலைகீழாக வைத்துவிட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினார்.

வியாழக்கிழமை மதியம் துணிக்கடைப் பக்கம் போய் எதிர்ச் சாரியில் நின்றார். பின்கட்டு ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, பக்கத்து மெஷின்காரி சொன்ன எதற்கோ தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். குண்டூசியை விழுங்கிவிடப் போகிறாளே என்று இவருக்குப் பதறியது. வீட்டில் அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தார். வீட்டில் சிரிப்பு வருகிற மாதிரி அவர் கடைசியாக எப்போது என்ன சொன்னார் என்றும் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. கடைக்குள் போகாமல் திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபீசில் கம்ப்ளெயின்ட் எழுதுகிற பெண் போன் செய்தாள்.

“காது சார், உங்க ரிப்போர்ட்டை இப்பதான் பாக்கறேன். நாலாவது மாடி டோர் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?”

“கதவு சரியா மூடலைன்னு. டோர் ஹார்ட்லி குளோசஸ்.”

“இல்ல சார். ‘டோர் ஹார்ட்லி லவ்ஸ்’னு எழுதியிருக்கீங்க.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொள்வது இந்தக் காதுக்குக் கேட்காமலா இருக்கும்? திருத்திக்கொள்ளும்படி முனகினார். வைக்கும் முன், உங்க வீட்ல அம்மாவைக் கேட்டதா சொல்லுங்க என்றாள் அந்தப் பெண். இவளுக்கு நம் வீட்டில் யாரைத் தெரியும், எதற்குக் கேட்கிறாள், ஒருவேளை ஊரெல்லாம் விஷயம் தெரிந்து நமக்குத்தான் தெரியவில்லையா என்று லிஃப்ட்காரர் அதையும் ஒரு முடிச்சாக முடிந்து வைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. வகுப்பு தபால் ஆபீசுக்கு மேல் மாடியில், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் மூன்று மணிக்கே கிளம்பி வந்து, மாடிப்படிக்குக் கீழே நிற்பதும் தெருமுனை வரை நடப்பதும் திரும்புவதுமாக இருந்தார். இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று ஒரு நடையில் தீர்மானம் செய்வார். திரும்பி வரும் நடையில் தீர்மானம் மாறிவிடும். மூன்றரை மணி வாக்கில் மேலே வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மனைவியின் சிரிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்டார். அந்த வேலை மட்டும் அவருக்கு நன்றாக வரும்.

நாலு மணிக்கு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். அவரைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு பொங்கிவிட்டது. சிரிப்புக்கு நடுவே திக்கித் திணறிக் கதையைச் சொன்னாள். டீச்சர் கொடுக்கும் வார்த்தைக்கு முதலில் அவர்களாகவே ஊகித்து வாக்கியம் எழுதிக்கொண்டு போகவேண்டுமாம். சரியான அர்த்தத்தைச் சனிக்கிழமைதான் சொல்வார்களாம். அதனால்தான் நடுப்பத்தி காலி. ஸ்லோ என்றால் மெதுவு, ஸ்லோலி என்றால் மெதுவாக. ஹார்ட் என்றால் கடுமை, அப்படியானால் ஹார்ட்லி என்றால் கடுமையாக, ரொம்ப என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

“என் வீட்டுக்காரருக்கு என்மேல ரொம்பப் பாசம்னு எழுதினேங்க. டீச்சர் சத்தமா படிச்சிட்டு, ‘ஐயோ பாவம், அப்படி என்னங்க பண்ணினார்’னு கேட்டாங்க. மானமே போச்சு.”

லிஃப்ட்காரர் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவரும் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, அதை அவர் துடைத்த விதத்தில் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

“திங்கக்கிழமை எனக்கு ஹேபிட் கேட்டீங்க, அப்புறம் ஹேஸ்ட் கேட்டீங்க. நடுவுல இதை விட்டுட்டீங்களா?”

அவர் கால் ஆட ஆரம்பித்தது.

“இந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். ரிப்போர்ட்ல எழுதறதுதான்.”

“அப்ப அஞ்சு நாளா இதை நெஜம்னு நெனச்சுக்கிட்டா இருந்தீங்க?”

அவர் தலையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை தண்ணீர், கோணல் கடிகாரம், தலைகீழாகக் கிடந்த நோட்டு, மாறிப்போன பொத்தான் எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்திருக்கவேண்டும். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாள். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். பழைய வாக்கியத்தின்மேல் நேராக ஒரு கோடு போட்டாள். நடுப்பத்தியில் ‘அரிதாக, இல்லை என்றே சொல்லலாம்’ என்று தமிழில் அர்த்தம் எழுதினாள். பிறகு பேனாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு புது வாக்கியத்துக்கு யோசித்தாள். உண்மையான வாக்கியம் வேண்டுமே. பக்கத்தில் லிஃப்ட்காரரின் கால் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

எழுதி முடித்து நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

‘மை ஹஸ்பண்ட் ஹார்ட்லி ஆஸ்க்ஸ் மீ எனிதிங்.’

என் கணவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை என்றே சொல்லலாம். கோடு போட்டு அடித்த வாக்கியத்தைவிட இது அவரைப் பலமாகக் குத்தியது, ஏனென்றால் இதில் அர்த்தப் பிழை எதுவும் இல்லை.

“கேக்கறதே என் தொழில்” என்றார் சின்னக் குரலில். “ஊர்ல என்னை காதுன்னுதானே கூப்பிடறாங்க.”

“அது வேற கேக்கறது. நம்ம பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாப் போனதால நீங்க தப்பிச்சிட்டீங்க. இங்கிலீஷ்ல அதுக்குத் தனி வார்த்தை, இதுக்குத் தனி வார்த்தை. டீச்சர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சிருக்கேன்.”

ஒரு பஸ் வந்தது. அவர்கள் பஸ்தான். இரண்டு பேரும் ஏறவில்லை. லிஃப்ட்காரர் பஸ் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, புது ஸ்கூலில் சேர்ந்த பிள்ளை மாதிரி, முதல் கேள்வியைக் கேட்டார்.

“நீ எதுக்கு இங்கிலீஷ் படிக்கிற?”

 நோட்டின் ஓரத்தை மடக்கி மடக்கி விரித்தாள். பிறகு சொன்னாள்.

“ஆறு மாசத்துக்கு முன்னாடி நீங்க கம்பெனி போனை மறந்துட்டுப் போனீங்கல்ல. லிஃப்டுக்குள்ள ஒட்டியிருக்கற நம்பர் அதுதானே, தையல் மெஷின் மேல சார்ஜ்ல கெடந்து அடிச்சுது. யாரும் எடுக்கக் கூடாதுன்னு உங்க உத்தரவு. விட்டுட்டேன். மூணாவது தடவை அடிச்சப்ப மனசு கேக்கல. எடுத்தா ஒரு அம்மா அழுதுட்டே இங்கிலீஷ்ல என்னமோ சொல்றாங்க. லிஃப்ட்ங்கறது மட்டும்தான் புரிஞ்சுது. என் போன்ல உங்க ஆபீசுக்கு அடிச்சு, ரெண்டு போனையும் வாயும் காதுமா ஒட்ட வச்சேன். அங்க கம்ப்ளெயின்ட் எழுதற பொண்ணு எந்தக் கட்டடம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, ஆள் அனுப்பிட்டோம்னு சொல்லிடுச்சு. ஆனா அந்தம்மா போனை வைக்க மாட்டேங்கறாங்க. என்கிட்ட என்னென்னமோ கேக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை. கமிங். அதையேதான் சொல்லிட்டு இருந்தேன். கமிங், கமிங், கமிங்னு. அரை மணி நேரம் இருக்கும். வேற ஒரு ஆறுதல் வார்த்தை வரல எனக்கு. சார்ஜர்லேர்ந்து கழட்டித்தான் பேசினேன், உங்க போன்ல இருந்த அரைகுறை சார்ஜும் தீந்து போச்சு.”

லிஃப்ட்காரருக்கு அந்தப் புது பிளக் பாயிண்ட் ஞாபகம் வந்தது. இருந்த பிளக் பாயிண்டைக் கழற்றிக் குப்பையில் போட்டதும் ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை.

“அடுத்த சனிக்கிழமையே போய் கிளாஸ்ல சேந்தேன். மறுபடி யாராவது அப்படி மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டா நாலு வார்த்தையாவது பேசணும்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“போனை எடுத்ததுக்குத் திட்டுவீங்கன்னு பயம். அப்புறம், நீங்களே கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க ஸ்விட்ச் போர்டை மாத்தினீங்க.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “மறுநாள் ஆபீசுக்கு அடிச்சுக் கேட்டேன். கம்ப்ளெயின்ட் குளோஸ்டுன்னாங்க. கதவு தொறந்துச்சுன்னு அதுக்கு அர்த்தம். அந்தம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அதுல இல்லையே. நல்லபடியா வெளிய வந்தாங்களா அவங்க? லைன் கட்டானதும் நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சிருப்பாங்க.”

ஆறு மாதமாக இந்தக் கேள்வியை அவள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாள், தைத்திருக்கிறாள், அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள். உலகத்திலேயே அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார். லிஃப்ட்காரருக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. காலை நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு நடந்ததைப் பொறுமையாக, ஒன்று விடாமல் சொல்ல முயன்றார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை.

“வந்தாங்க. நல்லாத்தான் வந்தாங்க. போனைக் காதுலயே வச்சிருந்தாங்க. என் கையைப் புடிச்சிக்கிட்டு, கமிங் கமிங்னாங்க. நான் அவங்களுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு நெனச்சேன்.”

“போன் காதுல இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நீங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே லைன் போயிடுச்சேங்க.”

“இருந்தாலும் காதுலதான் இருந்துச்சு. நான் பாத்தேன்.”

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அந்தம்மா என்ன கலர் சேலை, கூட யாராவது வந்தார்களா, தண்ணீர் கொடுத்தீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கட்டடத்துக்கு அடுத்த வாரம் சர்வீஸ் இருக்கிறது, வாட்ச்மேனிடம் விசாரித்துக் கண்டுபிடிக்கிறேன், நீயும் வா என்றார். விசாரிக்கிறேன் என்ற வார்த்தை அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

அடுத்த பஸ் தூரத்தில் திரும்பியது. அவள் எழுந்திருக்காமல் நோட்டை அவசர அவசரமாகப் பின்பக்கமாகப் புரட்டினாள். எச்சைத் தாண்டி, ஈயைத் தாண்டி, சி பக்கத்துக்கு வந்தாள். ‘ஐ ஹேட் நோ வேர்ட் டு கம்ஃபர்ட் ஹர்.’ அதில் ‘நோ’வை மட்டும் அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் ‘ஒன்’ என்று எழுதினாள். என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது.

“இப்ப சரியா?” என்று அவரிடம் காட்டினாள்.

லிஃப்ட்காரர் நோட்டை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். சரி என்றார். பஸ்ஸுக்குக் கை காட்டினார்.